சுத்து எண்ணும்போது

தம்பி ஜன்னலோரமா உக்காரட்டுங்க அம்மிணி, நான் இப்படித் தள்ளிக்கறேன். பரவால்லீங்க, எனக்கென்ன, வேடிக்கை பாக்கற வயசா? வா சாமி, ஏறி உக்காரு. பைய மடியில வெச்சுக்கோ. அட, பை உன்னையவிடப் பெருசா இருக்குதே!

புதுச் சட்டை, புது பூட்ஸு, கழுத்துல டை. இன்னிக்குத்தான் மொத நாளுங்களா? அதுதான் கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. கோவிச்சுக்காதீங்க அம்மிணி, நான் மனசுல பட்டதச் சொல்லிருவனுங்க, அது என் சுபாவம். இத்தனூண்டு பொடுசு கழுத்துல ஒரு கயித்தக் கட்டி ஸ்கூலுக்குத் தாட்டி உடறீங்களே, அப்படி என்ன அவசரம்? ஊட்டுல இருந்தா ஓடி ஆடிட்டுத் தானாக் கத்துக்காதா? நீங்க சிரிக்கறீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. எனக்குப் பழகிப்போச்சு.

வேன் அடுத்த வாரத்துல இருந்துதான் கிணத்துக்கடவுக்கு வருதுங்களா? அதுவரைக்கும் பஸ்ஸா? ஆச்சிப்பட்டியில எறங்கோணுமா? நானும் அங்கதானுங்க. எம் மக ஊடு அங்க இருக்குது. எனக்கு ஊரு ஒண்டிப்புதூருங்க. மோட்டார் வைண்டிங் பட்டறை வெச்சிருக்கேன். திருமூர்த்தி பட்டறைன்னா அந்தப் பக்கம் சின்னக் கொழந்தையும் காட்டும். பேரன் ஒருத்தன் இருக்கான், கவின்னு பேரு, நம்ம தம்பி வயசேதான். அவனுக்கும் இன்னிக்குத்தான் மொத நாளாம். அதத் தடுத்து நிறுத்தத்தான் இந்த பஸ்ஸுல போயிட்டிருக்கேன்.

நெசமாத்தானுங்க சொல்றேன். நேத்து மக போன் பண்ணுனா. "அப்பா, காத்தால பஸ்ஸுல கூட்டமா இருக்கும், உங்களால நிக்க முடியாது, பத்து மணிக்கு மேல வந்து சேர்ற மாதிரி கெளம்புங்க"ன்னா. என் முட்டிவலி மேல அவளுக்கு அவ்வளவு கரிசனம். அவ பேச்சக் கேக்காம நானாத்தான் வெள்ளன கெளம்பிட்டேன். பேரன் ஸ்கூலுக்குள்ள போறதுக்கு முன்னால போயிச் சேரோணுமில்லீங்களா? ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னா கேட்டுக்குவா. எம் பேச்ச அவ தட்டுனதே கெடையாது.

ஏன்னு கேளுங்க. நான் எம் பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பாமயே படிக்க வெச்சவனுங்க. மைவிழின்னு பேரு. ஏழாவது பாதியில நிறுத்திட்டேன். அதுக்குக் காரணம் இருக்குதுங்க. மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு பரீட்சையில ஒரு கேள்வி. இவ பொறந்ததுல இருந்து மோட்டாரப் பாத்து வளந்தவ. கண்ணுல பாத்தத, தன் பாட்டுக்குத் தன் வார்த்தையில எழுதி வெச்சிருக்கா. புஸ்தகத்துல இருக்கற மாதிரி இல்லீன்னு முட்டை போட்டு, வெளிய நிக்க வெச்சுட்டாங்க. விடுவனா? நேராப் போனேன். பெரிய டீச்சர்கிட்ட சண்டையான சண்டை. கையோட டி.சி. வாங்கிட்டேன். "பாப்பா, நாளையில இருந்து நீ இங்க வர வேண்டியதில்லே"ன்னு சொன்னேன் பாருங்க, அப்படியே என்னையக் கட்டிப் புடிச்சு அழுதா. சந்தோசத்துல வார்த்தையே வரல அவளுக்கு. வண்டியில வர்ற வழியெல்லாம் திரும்பித் திரும்பி அந்தக் கேட்டையே பாத்துட்டு வந்தா. மறுபடியும் வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்களோன்னு பயம் கொழந்தைக்கு.

அன்னியில இருந்து பட்டறைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். ஊட்டு முன்ரூம்தானுங்க பட்டறை. ஒரு பக்கம் நான் கம்பி சுத்துவேன், உள்ரூம்ல மேசை போட்டு அவ படிப்பா. என்னைய மாதிரி புள்ளைங்கள ஊட்டுலயே படிக்க வெக்கற பெத்தவங்க நாலஞ்சு பேரு இருந்தோம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பார்க்குல கூடிப் பேசுவோம். டாக்டர், இஞ்சினியர், பெரிய பெரிய ஆளுங்க. அதுல மெக்கானிக்கு நான் ஒருத்தன்தான். மைவிழியப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க.

எங்க தொழில்ல ஒண்ணு இருக்குதுங்க அம்மிணி. கம்பி சுத்தறப்ப சுத்து எண்ணோணும். ஒரு மோட்டாருக்கு இத்தன சுத்துன்னு கணக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் ஒண்ணு எச்சானாலும் காயிலு சூடேறிக் கருகிப் போயிரும், அத்தன பாடும் வீணு. அதனால எண்ணறப்ப ஆரும் கூப்புடக் கூடாது. மீறிக் கூப்புட்டா, எண்ணிட்டிருக்கற நம்பரச் சத்தமாச் சொல்லுவேன். "நாப்பத்தி மூணு"ம்பேன். அப்படின்னா, இரு, அப்பறம் வான்னு அர்த்தம். பட்டறைக்கு வர்ற கவுண்டமாருங்க கூட அதக் கேட்டுட்டுப் பேசாம ஸ்டூல்ல உக்காந்துருவாங்க.

மைவிழியும் அப்படித்தான். சந்தேகம் கேக்க வந்து கதவுகிட்ட நிப்பா. "அப்பா"ம்பா. "நாப்பத்தி மூணு"ம்பேன். நிப்பா. ஒரு சத்தம் இருக்காது. எண்ணி முடிச்சு, கம்பிய வெட்டி, முடிச்சுப் போட்டுத் திரும்புனா ஆளக் காணோம், போயிருப்பா. தானே கண்டுபுடிச்சுட்டான்னு நெனச்சுக்குவேன். சொயமாப் படிக்கறதுன்னா அதுதானுங்களே! அந்தப் பொறுமையெல்லாம் எந்த ஸ்கூலு சொல்லித் தருது?

எங்கூட்டுக்காரி வசந்தாமணிக்குத்தான் எப்பவும் ஒரு கொறை. "புள்ளைக்குப் பேசறதுக்கு ஒரு ஆளில்லீங்க. செவுத்தப் பாத்துப் பேசிட்டிருக்கா"ம்பா. அடியே, அது மனப்பாடம் பண்றதுடின்னேன். சாயங்காலம் ஸ்கூலு உடற நேரத்துக்கு மைவிழி எங்கூட்டு வாசல் கேட்டுகிட்ட போயி நிப்பா. கூடப் படிச்ச புள்ளைங்க அந்த வழியா வரும். மொதல்ல நின்னு பேசுச்சுங்க. அப்பறம் சைக்கிள்ல போயிட்டே கையக் காட்டுச்சுங்க. அப்பறம் அதுவும் இல்லே. தொல்லை உட்டுதுன்னு இருந்தேன், வெட்டிப் பேச்சுக்கு வழியில்லாமப் போச்சே.

என்ன சாமி, பசிக்குதா? இல்லையா? சரி, அந்தப் பக்கம் பாரு, கரண்டு எடுக்கற காத்தாடி எவ்வளவு பெருசு பாரு! அதுக்குள்ளயும் நம்ம மாதிரி சுத்துன கம்பிதான் இருக்குது.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சுங்க. அந்தக் கடைக்காரியாலதான் எல்லாம் கெட்டுது. அதச் சொல்றேன் கேளுங்க.

மைவிழிக்குப் பதினாறு ஆனப்ப ஒரு நாளு வந்து நின்னா. நான் எண்ணிட்டிருந்தேன். நிக்கறா. நம்பரச் சொன்னேன். நிக்கறா. முடிச்சுட்டுத் திரும்பறேன், அப்பவும் நிக்கறா. எனக்கே ஆச்சரியம்.

"அப்பா, சிங்காநல்லூர்ல யூனிபார்ம் கடையில ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்காங்க. மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதுமாம். காத்தால படிச்சுக்கறேன்ப்பா. ஒரு பாடத்தக் கூட உட மாட்டேன்."

"எதுக்குக் கண்ணு? உனக்கு என்ன வேணும் சொல்லு, நான் வாங்கித் தாரேன்."

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. சும்மா... போயிட்டு வரேன்."

நம்ம பார்க்குல இதச் சொன்னேன். அத்தன பேரும் கையத் தட்டிட்டாங்க! உழைப்புல இருந்து படிக்கறதுதான் உண்மையான படிப்பு, திருமூர்த்தி சார், உங்க பொண்ணு எங்கியோ போயிட்டான்னு ஒரு டாக்டர் என் தோளத் தட்டுனாரு. எனக்கும் பெருமையாப் போச்சு. சரின்னுட்டேன்.

கடைக்காரி பேரு சுலோச்சனா. ஆளு நல்லவ மாதிரித்தான் இருந்தா. அந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற அத்தன ஸ்கூலுக்கும் துணி அங்கதான். செவுரு முழுக்க அடுக்கு, ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒவ்வொரு கலரு. மைவிழிக்கு வேலை என்னன்னா, வர்ற புள்ளைங்களுக்குச் சட்டையப் போட்டுப் பாத்து அளவு எடுத்துத் தர்றது. அழுகற புள்ளைங்களச் சமாதானம் பண்றதும் அவதான்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்துல புள்ளை மூஞ்சியில ஒரு களை வந்துச்சுங்க. அதுவரைக்கும் சாப்புட உக்காந்தா தட்டத்தான் பாப்பா. கடைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து வாய மூட மாட்டேங்கறா. எந்த ஸ்கூல்ல இந்த வருசம் கலர மாத்தறாங்க, எந்தப் புள்ளை பெயிலாப் போயி அதே கிளாஸ்ல உக்காந்திருக்குது, எந்த ஸ்கூலு பி.டி. மாஸ்டருக்குப் புள்ளைங்க என்ன பட்டப்பேரு வெச்சிருக்குது... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அம்மா, இன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்கம்மா, பத்தாவது, ஒரே பெஞ்சுதான் உக்காருவோம், அதனால ஒரே அளவு சட்டை வேணும்னு அடம் புடிக்கறாங்க, ஒருத்தி குண்டு, ஒருத்தி ஒல்லி!"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பா பாருங்க, புரையேறிரும். வசந்தாமணியும் கூடச் சேந்து சிரிப்பா. நான்தான், "சரி சரி, நாளைக்குப் படிக்க வேண்டிய பாடத்தப் பாரு"ன்னு எந்திரிப்பேன். ஸ்கூல உட்டு வெளிய கொண்டாந்தும், இப்பிடிக் குப்பையத் தூக்கிட்டு வர்றாளேன்னு மனசுக்குள்ள இருந்துச்சு.

அப்பறம் சித்திரை வைகாசி வந்துச்சு. ஸ்கூலு தொறக்கற சீசன். கடையில நிக்க எடமில்லே. சுலோச்சனா வந்து, சீசன் முடியற வரைக்கும் காத்தாலயும் புள்ளைய அனுப்புங்கன்னு கேட்டா. எனக்கு இஷ்டமில்லே. மைவிழிதான், "விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் படிச்சுக்கறேன்ப்பா"ன்னா. எந்திரிச்சாளுங்க, பொய் சொல்லக் கூடாது. கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சு உக்காந்துருவா. மேசை மேல தல சாஞ்சுரும், திடுக்குனு முழிச்சுப் படிப்பா. கடையில சாப்புடற நேரத்துல, துணி மாத்திப் பாக்கற ரூமுக்குள்ள தாப்பாளப் போட்டுட்டு உக்காந்து பூகோளம் படிப்பாளாம். அளவெடுக்கற சாக்பீஸு வெரல்ல இருந்து போறதே இல்லே. தாவணி முனையில குண்டூசி குத்துனபடியே வந்து படுத்துருவா. வசந்தாமணி ஒவ்வொண்ணாக் கழட்டி எடுப்பா.

நான் ஒரு நாளு பரீட்சை வெச்சேன். என் பரீட்சை, கேள்வியெல்லாம் நானே தயார் பண்ணுனது. எழுதிட்டிருக்கையிலயே தூங்கிட்டா. பேப்பர்ல பாதிதான் இருந்துச்சு.

"மைவிழி, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோ. படிப்பா, கடையா?"

"ரெண்டும் வேணும்ப்பா."

"ரெண்டும் ஆகாது கண்ணு, பாத்தியில்லே."

"இந்த சீசன் மட்டும் உடுங்கப்பா. கெஞ்சிக் கேக்கறேன். சீசன் முடிஞ்சா எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருவாங்க. அப்பறம் கடைக்கு ஆரும் வர மாட்டாங்க. அப்பறம் நான் உங்ககூடத்தானே இருக்கப் போறேன்."

அந்த மாதிரி அவ எதையும் கேட்டதில்லீங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, சுலோச்சனா நல்லா மண்டையக் கழுவி வெச்சிருக்கான்னு தோணுச்சு. நேர்லயே போயிப் பேசி முடிச்சுரலாம்னு மறுநாளு மத்தியானம் போனேன்.

கடையில கூட்டம்னா கூட்டம். சுலோச்சனா கல்லாவுல இருக்கா. மைவிழியக் காணோம். உள்ள ஒரு பெரிய கண்ணாடி, அதுகிட்ட ஒரு ஸ்கூல் புள்ளை எனக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது. மெரூன் கோட்டு போட்ட சுடிதாரு, ரெட்டை ஜடைய மடிச்சு ரிப்பன் கட்டியிருக்குது. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணும் அவ அம்மாவும். அந்தம்மா கேக்கறா, "நீயும் அந்த ஸ்கூல்தானா கண்ணு? எத்தனாவது?" இந்தப் புள்ளை சொல்லுது, "லெவன்த்துங்க ஆன்ட்டி. பி செக்‌ஷன். எங்க மிஸ் நெம்ப நல்லவங்க, பாப்பா பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க." நான் அந்தப் புள்ளைகிட்டப் போயி, "கண்ணு, இங்க மைவிழின்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதே, எங்கிருக்குது?"ன்னேன்.

திரும்புனா. எம் பொண்ணுங்க.

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. பெத்த பொண்ண எனக்கே அடையாளம் தெரியல பாருங்க. அப்பறம்தான் புரிஞ்சுது. பொம்மைக்குப் பதிலா எம் பொண்ண நிறுத்தி வெச்சிருக்கா! ஜவுளிக்கடையில பிளாஸ்டிக் பொம்மை வெப்பாங்களே, அந்த மாதிரி! அது போதாதுன்னு, வர்றவங்ககிட்ட நானும் அந்த ஸ்கூல்தான்னு பொய் சொல்றதுக்கும் பழக்கி உட்டிருக்கா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! கூட்டம்னும் பாக்கல. "ஏனுங்க, எம் பொண்ணு உங்களுக்குப் பொம்மையா?"ன்னு கத்திட்டேன்.

சுலோச்சனா எந்திரிச்சு வந்தா. "அண்ணா, சத்தம் போடாதீங்க. ஆரும் போடச் சொல்லலீங்க. வேலை கொஞ்சம் ஓஞ்சா அவளே போட்டுட்டு நிப்பா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்"னா. எப்படிப் பேச்சு பாருங்க! எந்தப் புள்ளையாவது தானா ஆசைப்பட்டு யூனிபார்மு போடுமா? புள்ளைங்க யூனிபார்மக் கழட்டி எறியறதுக்குத்தானே ஆசைப்படும்!

மைவிழிகிட்டப் போனேன். கையப் புடிச்சேன், கூடவே வந்துட்டா. துணிய மாத்தறதுக்குக் கூட நான் உடல. பஸ் ஸ்டாப்புல நின்னோம். எங்க தெருக்காரர் ஒருத்தர் வந்தாரு. அவளப் பாத்துட்டு, "அட, மைவிழிய ஸ்கூல்ல சேத்திட்டீங்களா? நல்ல காரியம் பண்ணுனீங்க திருமூர்த்தி! எந்த ஸ்கூலு கண்ணு?"ன்னாரு. அவ என்னையப் பாத்தா. நான், "இல்லீங்க, இது கடைத் துணி"ன்னேன். அப்ப அவ தலையக் குனிஞ்சவதான், ஊடு வர்ற வரைக்கும் நிமுரல. பொய் சொல்லி மாட்டிக்கிட்டா வெக்கமாத்தானே இருக்கும். நானும் அதப் பத்தி மேல கேக்கல.

மறுநாளு அந்தத் துணிய மடிச்சு நானே கொண்டுபோயி கடையில போட்டேன். சுலோச்சனா அதக் கையில எடுத்துப் பாத்துட்டு, "இது கடைத் துணி இல்லீங்கண்ணா. அவ சம்பளத்துல அவளாத் துணி எடுத்து, அவளுக்குன்னு அளவெடுத்து, எங்க டெய்லர்கிட்டக் குடுத்துத் தெச்சது. எடுத்துட்டுப் போயி அவகிட்டயே குடுத்துருங்க"ன்னா. சொல்றப்ப அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் மசியலீங்களே! எம் பொண்ணு சம்பளத்த எம் பொண்ணு தலையிலயே துணியாக் கட்டிட்டு, அழுகை வேற! அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அன்னியோட கடை நின்னுது. அதுக்கப்பறம் பாருங்க, படிப்பு எப்படி வந்துச்சுங்கறீங்க! வெட்டிப் பேச்சு இல்லே, சிரிப்பு இல்லே, ஒரே கவனம். மேசைய உட்டு எந்திரிக்க மாட்டா. சாயங்காலம் கேட்டுகிட்ட போயி நிக்கறதும் நின்னு போச்சு. பட்டறைக் கதவுகிட்ட வர்றது கூட நின்னு போச்சுங்க, சந்தேகமே வரல அவளுக்கு! பத்தாவது, பன்னெண்டாவது, ரெண்டும் தனித்தேர்வா எழுதி நல்ல மார்க்குல பாஸு. பார்க்குல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன். மைவிழி வரல, தலவலின்னு படுத்துட்டா.

வசந்தாமணிதான் ஒரு நாளு, "ஊடு சவம் எடுத்துட்டுப் போன ஊடு மாதிரி இருக்குதுங்க"ன்னா. நல்ல நாளுல என்ன பேச்சுடி இதுன்னு அதட்டி உட்டேன். ஆனா அம்மிணி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும். அந்த ஒல்லிப் புள்ளை குண்டுப் புள்ளை கதை. அது அப்பறம் என்னாச்சு, ஒரே அளவுச் சட்டை கெடைச்சுதா இல்லையான்னு கேக்கோணும்னு இருந்தேன். கேக்கவே இல்லே.

மேல படிக்கறியான்னேன், வேண்டாம்னுட்டா. கல்யாணத்துக்கு ஒரு எடம் வந்துச்சு, ஆச்சிப்பட்டிப் பக்கம், தேங்கா நார் மில்லு வெச்சிருக்காங்க. பொண்ணு பாக்க வந்தாங்க. ஏதாச்சும் கேக்கோணுமா கண்ணுன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டதுக்கு, இவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "உங்கூட்டுல எத்தன பேருங்க?" அண்ணன் தம்பி, கொழுந்தியா, குஞ்சு குளுவான்னு ஒம்பது பேரு இருக்கோம், எந்நேரமும் சந்தைக்கடை மாதிரித்தான் இருக்கும்னு அந்தம்மா சிரிச்சா. இவ உடனே சரின்னுட்டா. எனக்கு இன்னும் புரியலீங்க, ஒம்பது பேருக்குச் சோறாக்கறதுக்கு ஒரு பொண்ணு அப்படித் துள்ளிக் குதிச்சுச் சம்மதிக்குமா?

இப்ப அந்த ஊட்டுல அவதான் எல்லாம். போன் பண்ணுனா பின்னால ஒரே சத்தம். அவ சிரிக்கறது கேக்கும். நான் "கண்ணு"ன்ன உடனே சத்தம் அடங்கிரும். "சொல்லுங்கப்பா"ம்பா. நான் சொல்லுவேன். "சரிங்கப்பா"ம்பா. நான் சொல்றதுக்கு வேற இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே ரெண்டு பேரும் போனக் காதுல வெச்சுட்டு இருப்போம். வசந்தாமணி பிரசவம் பாக்கறதுக்குன்னு போனவ, பேரன் நடக்கட்டும், பேரன் பேசட்டும்னு அங்கயே இருந்துட்டா. விசேசத்துக்கு வந்துட்டுப் போவா. நான் சமைச்சுக்கறனுங்க, அதுல ஒண்ணும் கஷ்டமில்லே. பட்டறையில இப்ப எவ்வளவு நேரம் வேணா எண்ணலாம், ஒரு ஈ காக்கா கூப்புடறதில்லே.

பேரனுக்கு நானே வந்து சொல்லித் தாரேன், ஸ்கூலெல்லாம் வேண்டாம்னு போன வருசத்துல இருந்து சொல்லிட்டிருக்கேன். "பாக்கலாம்ப்பா"ன்னே சொல்லிட்டிருந்தா. போன வாரம்தான் வசந்தாமணி உளறிக் கொட்டிட்டா, சேத்தாச்சாம், யூனிபார்மு மைவிழியே ராத்திரியெல்லாம் உக்காந்து தெச்சாளாம். இங்க பாருங்க, பைக்குள்ள. பேரனுக்குன்னு நானே சுத்துன குட்டி மோட்டாரு, ரெக்கை வெச்சு ஃபேன் மாதிரி பண்ணியிருக்கேன். இந்த பேட்டரிச் செல்லுல வெச்சா சுத்தும். பாரு சாமி, காத்து வருதா? வருதில்லே? இதக் காட்டிச் சொல்லிக் குடுத்தா ஒரு புள்ளை ஸ்கூலத் தேடுமா?

என்ன கேட்டீங்க?

ஆருக்கு, மைவிழிக்குங்களா? ஸ்கூலுக்குப் போக ஆசை இருந்துச்சான்னா கேக்கறீங்க?

இல்லீங்களே. ஒரு நாளும் கேட்டதில்லீங்களே அவ. கேட்டிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நான் என்ன ராட்சசனா? வாயத் தொறந்து, அப்பா எனக்கு ஸ்கூலுக்குப் போகோணும்னு ஒரு வார்த்தை... வருவா. கதவுகிட்ட வந்து நிப்பா. "அப்பா"ம்பா. நான் எண்ணிட்டிருப்பேன். நம்பரச் சொல்லுவேன். அப்பறம் திரும்பிப் பாத்தா... சந்தேகம் கேக்கத்தானுங்க வருவா. பாடத்துல சந்தேகம். வேற என்னத்துக்கு வரப் போறா.

ஆச்சிப்பட்டி வந்துருச்சு பாருங்க. பைய எடுத்துக்கோ சாமி. அழுகக் கூடாது. உங்க ஸ்கூலு இதானுங்களா? வசந்தாமணி சொன்ன கலரப் பாத்தா பேரனும் இங்கதான்னு நெனைக்கறேன். பெல்லு அடிச்சுட்டாங்களே! வழியில அந்த லாரிக்காரன் குறுக்க நிறுத்தாம இருந்திருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாம். கவின் உள்ள போயிருப்பானா?

அம்மிணி, கொஞ்சம் இருங்க. அந்தக் கேட்டுகிட்டப் பாருங்க. பச்சைச் சேலை. அது எம் பொண்ணுங்க. மைவிழி! பாத்தீங்களா, பத்து மணிக்கு மேல வான்னு சொல்லிட்டு, அப்பன் எப்படியும் வெள்ளன வந்துருவான்னு தெரிஞ்சு எனக்காக வந்து நிக்கறா! அவளுக்கா தெரியாது என்னைய?

ரோட்டப் பாக்காம நிக்கறாளே. எல்லாரும் புள்ளைங்கள உட்டுட்டுப் போயிட்டாங்க. கேட்டையும் சாத்தியாச்சு. இவ மட்டும் கம்பியப் புடிச்சுட்டு உள்ளயே பாத்துட்டு நிக்கறா. கவினக் கூட அங்க காணோம், எல்லாப் புள்ளைகளும் உள்ள போயிருச்சே. வெறும் கிரவுண்டுதானே இருக்குது. அப்படி என்னத்தப் பாக்கறா?

இப்படித்தானுங்க நிப்பா. பட்டறைக் கதவுகிட்ட. இதே மாதிரி, ஒரு கையில கதவப் புடிச்சுட்டு, ஒரு சத்தமில்லாம.

நீங்க எறங்குங்க அம்மிணி, கண்டக்டர் விசில் அடிக்கறாரு. நான் வரலீங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கி மெதுவா நடந்து வந்துக்கறேன், பத்து மணியும் ஆயிரும். இல்லீங்க, கூப்புட வேண்டாம். அவகிட்ட நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க, பேசாமத் தாண்டிப் போயிருங்க. அவ ஏதோ எண்ணிட்டிருக்கா. நடுவுல கூப்புட்டா கணக்கு உட்டுப்போயிருமுங்க.